ஆளுக்குப் பாதி ஆட்டம்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு சிறுமியர் கால்பந்துக் குழு இருக்கிறது. அதற்கு நான் செயலாளர். பதவியின் பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்சிகளைத் துவைக்கக் கொடுப்பது, தண்ணீர்ப் போத்தல்கள் தூக்குவது, யார் யார் ஆடப் போகிறார்கள் என்ற பட்டியல் வெளியானதும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் வசவுகளை வாங்கிக்கொள்வது, இவைதான் என் வேலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது எனக்கு வெறும் பழமொழி இல்லை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கைபேசிக்குள்ளிருந்து கரைகிற சங்கதி.

பள்ளி விடுமுறையில் எங்கள் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போய் அங்குள்ள பிள்ளைகளோடு ஆடவிடலாம் என்று குழுவில் முடிவானது. இடம் எப்படி, சாப்பாடு எப்படி, திடல் எப்படி என்று முன்னால் போய்ப் பார்த்துவர ஓர் ஆள் வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை, வாய் உள்ளவள் என்ற தகுதிகள் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு இன்றைக்கும் சரியாகப் புரியாது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாமல்லபுரத்தில் விடிந்தது. ஜன்னலைத் திறந்தால் எங்கிருந்தோ உளிச் சத்தம். தெருமுனைக் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறியை நான் அதுவரை ருசி பார்த்ததில்லை. முதல் நாள் மீந்த வடையை உதிர்த்துப் போட்டுச் செய்வார்களாம். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு இது தொட்டுக்கொள்ளக் கிடைத்தால் பருப்புக் கறி தொழிலை விட்டு ஓடிப்போகும். கடைக்காரர் என் தட்டைப் பார்த்து, "இன்னா, அதுக்குள்ள துன்ட்டியாம்மா? இன்னும் ரெண்டு வெக்கவா?" என்றார். முன்பின் தெரியாத ஆள் என்னை ஒருமையில் அழைத்ததற்குக் கோபித்துக்கொள்ள நினைத்தேன். அதற்குள் இரண்டு இட்லிகள் விழுந்துவிட்டன.

நான் பார்க்க வந்த குழுவின் பயிற்சியாளர் பெயர் பிரேமா. முப்பது வயதிருக்கும். கல்லூரிக் காலத்தில் மாவட்டத்துக்காக ஆடியவள். இப்போது கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் செங்கல்பட்டில் ஒரு திடலில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். தொலைபேசியில் மட்டுமே பழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சிங்கப்பெருமாள் கோயிலில் வந்து நில்லுங்கள், சேர்ந்தே போகலாம் என்று சொல்லியிருந்தாள்.

நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளை நிறத்தில் ஒரு பஸ் வந்து பக்கத்தில் நின்றது. பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். கூட்டம் ஏறுகிற பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்பது எந்த ஊரிலும் நான் கடைப்பிடிக்கிற கொள்கை. நானும் ஏறினேன். உள்ளே குளிர்சாதன வசதி. சீட்டு கேட்க யாரும் வரவில்லை. தமிழ்நாடு இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்திலிருந்த பெண் என் புடவையையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, நீங்க எந்த லைனு?" என்றாள்.

"செங்கல்பட்டு லைன்" என்றேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அது அவர்கள் கம்பெனி பஸ்ஸாம், லைன் என்றால் தையல் மிஷின் வரிசையாம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. தொழிற்சாலை வாசலில்தான் இனி நிற்கும். "பரவால்ல வுடுக்கா, வந்து ரெண்டு தையல் போட்டுட்டுப் போ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருத்தி டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதம் நீட்டினாள். கோபப்பட நேரமே கொடுக்காத ஜனங்கள்.

நல்ல வேளையாக அது பிரேமா வேலை செய்கிற கம்பெனிதான். வாசல் காவலர் என்னிடம் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வந்தாள். என்னை அங்கே பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தாள். "இன்னா ஆன்ட்டி, உங்கள அங்க நிக்கச் சொன்னா எனக்கு மின்ன கம்பெனிக்கே வந்துட்டீங்க!"

செங்கல்பட்டுத் திடலில் புல் கிடையாது. செம்மண்ணும் கூழாங்கல்லும். ஒரு பக்கம் ஆடு மேய்கிறது. எதை மேய்கிறது என்று தெரியவில்லை. எங்கள் கிள்ளானில் நகராண்மைக் கழகம் பராமரிக்கிற பச்சைத் திடலில் ஆடுகிற பிள்ளைகள் இதைப் பார்த்தால் அம்மாவைக் கூப்பிடும். மனதுக்குள் 'திடல்: மோசம்' என்று மதிப்பெண் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பதினாலு, பதினைந்து வயதுப் பெண்கள். வந்ததும் அவர்களே கல் பொறுக்கினார்கள், அவர்களே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், அவர்களே இரண்டாகப் பிரிந்து ஆடத் தொடங்கினார்கள். பிரேமா விசிலை வாயில் வைத்ததாகவே தெரியவில்லை. யாராவது தப்பாக அடித்தால் அவள் கத்தவும் இல்லை. அடித்தவளே கையைத் தூக்கி, "என்து, என்து" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தப்பு என்னுடையது என்று அப்படி ஒப்புக்கொண்ட பிறகு யாரும் அவளைத் திட்டக்கூடாதாம். நான் பார்த்த வரையில் திட்டவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் தப்பாக அடித்தால் முதலில் காலணியைப் பார்ப்பார்கள், பிறகு புல்லைப் பார்ப்பார்கள், கடைசியில் நடுவரைப் பார்ப்பார்கள்.

இரண்டு கோல்கீப்பர்கள். ஒருத்தி ரிஸ்வானா. அவள் அத்தா செங்கல்பட்டு மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி, பூனை மாதிரி கண். தரையோடு வருகிற பந்து எதுவும் அவளைத் தாண்டிப் போகவில்லை. இன்னொருத்தி செல்வி. படாளத்துப் பெண், ரயிலில் வருகிறாள். நெடுநெடுவென்று உயரம். அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, வீட்டு வேலையெல்லாம் இவள் தலையில் விழுந்து, மூன்று வாரமாகப் பயிற்சிக்கு வராமல் அன்றைக்குத்தான் திரும்ப வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. சாதாரணப் பந்துகளைக்கூட நழுவவிட்டு, "என்து, என்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டம் முடிந்து செல்வி ஸ்டேஷனுக்குப் போகிற வழியும் நான் பஸ் ஏறப் போகிற வழியும் ஒன்றாக இருந்தது. வழியில் கொய்யாப்பழம் வாங்கினேன். உப்பு, மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இதே பழத்துக்குப் புளிப்பொடி தடவுவார்கள். இது இன்னும் நறுக்கென்று இருந்தது. பாதியை அவளிடம் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமை வேறொரு குழுவோடு ஆட்டம் இருக்கிறதாமே, கோலில் நீதானே?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

கொய்யாவைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் அப்பா கரும்பு லோடு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறவர். அப்பாவை அவள் நைனா என்றுதான் சொல்கிறாள்.

"நைனா ஞாயித்துக்கெழம வராரு ஆன்ட்டி. இத்தினி தூரம் போறியே, மெய்யாலுமே ஆடுறியா, இல்ல பந்து பொறுக்கிப் போட்டுகினு கீறியான்னு கேக்குறாரு. வந்து பாக்குறேன்றாரு. ஆடினா ஆடு, ஓரமா ஒக்காந்துகினு இருந்தா அதோட வுட்டுடுன்னு சொல்ட்டாரு."

"நீ பிரேமாவிடம் சொன்னாயா?"

"ஐயோ, சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்பறம் பாவம்னு போட்டாங்கன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே! அதனால் என்ன?"

என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆன்ட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தது. "நாளைக்கு வந்து பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்தாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு இடம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அவள் நழுவவிட்ட பந்துகளை நானும்தானே பார்த்தேன்.

சனிக்கிழமை பயிற்சி கடற்கரையில். மாமல்லபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சவுக்குத் தோப்பு ஓரமாக. ஷேர் ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் உட்பட நான்கு பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். என் மடியில் யாருடைய மீன்கூடையோ இருந்தது. இறங்கும்போது கூடைக்காரம்மா, "ஆட்டோவுல பத்திரமா புட்சிகினு வந்தியே" என்று நன்றி சொல்லி, இரண்டு சங்கரா மீனை எடுத்து நீட்டினார். தங்குமிடத்தில் சமைக்க அடுப்பு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கின்னா, அத்தோ அந்தக் கடையில குடு, வறுத்துத் தருவான்" என்றார். வறுத்துத் தந்தான். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பயிற்சியைப் பார்த்தேன். மலேசியாவில் மீனே இல்லாத மாதிரி சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மணலில் வெறுங்காலோடு ஓடினார்கள். சவுக்குக் கழிகளை நட்டு கோல். கடற்காற்று பந்தைத் தூக்கி எங்கேயோ கொண்டுபோனது. உயரமாக அடித்த பந்து வருகிறது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்று யோசித்து வேறு பக்கம் இறங்கியது. ரிஸ்வானா கோல் கோட்டிலிருந்து நகரவில்லை. செல்வி மட்டும் ஓடி வெளியே வந்து எம்பி எம்பிப் பிடித்தாள். இரண்டைப் பிடித்தாள், ஒன்றை விட்டாள். விட்டதைப் பார்த்துத்தான் எனக்கு மீன் முள் தொண்டையில் சிக்கியது.

பிறகு எல்லோரும் ஈர மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு யார் யார் என்று முடிவு செய்யும் நேரம். இங்கேதான் நான் மலேசியாவிலிருந்து வந்ததற்கு அர்த்தம் கிடைத்தது.

பிரேமா எழுந்து போய், வட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் திகைத்துப்போய் அவள் பக்கத்தில் போய், "நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அவங்கதான் ஆன்ட்டி பேசி எடுப்பாங்க. நான் மூஞ்சியக் காட்டினா என் மூஞ்சியப் பாத்துகினே பேசுவாங்க. அதான் இப்படி."

விதிகளை அவள் சொன்னாள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவள்தான் பேசலாம். தனக்காக யாரும் பேசக்கூடாது. இன்னொருத்திக்காகத்தான் பேச வேண்டும். வீட்டுக் கதை, கஷ்டம், அழுகை எதுவும் அங்கே செல்லாது. திடலில் அவள் என்ன செய்வாள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். யாரும் பேசாத பெண் அந்த வாரம் வெளியே நிற்பாள். "தன் முதுகு தனக்குத் தெரியாதில்ல ஆன்ட்டி, அதான் அடுத்தவங்கள வுட்டுப் பாக்கச் சொல்றது" என்றாள் பிரேமா. நான் எங்கள் வாட்ஸ்அப் குழுவை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அங்கே எல்லோரும் தன் முதுகைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறார்கள்.

வட்டத்தில் பந்து சுற்றியது. "மலர் லெஃப்ட்ல ஆடட்டும். அவ ஓடினா பின்னாலயே ரெண்டு பேர் ஓடியாருவாங்க, நமக்கு நடுவுல காலி." "ஜோதி வேணும், அவ பந்த வெச்சிகினு இருக்க மாட்டா, ஒடனே குடுத்துடுவா." பதினாலு வயதுப் பெண்கள் இன்னொருத்தியை இவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. தன்னைப் பற்றி இன்னொருத்தி சொல்லும்போது ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்து மணலைக் கிண்டினாள். ஆனால் காது மட்டும் சிவந்து போகும்.

கோல்கீப்பர் முறை வந்தது. ரிஸ்வானாவுக்காக மூன்று பேர் பேசினார்கள். அப்போது மலர் பந்தை வாங்கி, "செல்வி பாவம்பா, மூணு வாரமா அவங்க அம்மாவுக்கு..." என்று தொடங்கினாள்.

"மலரு, வூட்டுக் கத வேணாம்" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. கோபமாக இல்லை. செருப்போடு உள்ளே வந்தவரிடம் சொல்வது மாதிரி சொன்னார்கள். மலர் நாக்கைக் கடித்துக்கொண்டு பந்தைக் கீழே வைத்தாள்.

பந்து மணலில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. செல்வி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று வாயைத் திறந்தேன். பிரேமா திரும்பாமலே என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "ஆன்ட்டி, உங்க கையில பந்து இல்ல" என்றாள்.

ரிஸ்வானா பந்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நாம ஆடப்போறது கடக்கரப் பொண்ணுங்களோட. எல்லாம் ஒசரம். கார்னர்லதான் கோல் போடுவாங்க. காத்துல பந்து மெதக்கும். எனக்கு மேல வர பந்து பயம். வெளிய வர மாட்டேன். கோட்டுலயே நின்னுடுவேன், நீங்கல்லாம் பாத்துகினுதான் கீறீங்க, யாரும் சொல்ல மாட்டேன்றீங்க. செல்வி வருவா. ரெண்ட வுட்டாலும் வருவா. செல்வி ஆடட்டும்."

தனக்கு வராததைத் தன் வாயால், தன் சேக்காளிகள் எல்லோர் முன்னாலும் சொல்ல அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடற்காற்று என்று சொல்லிச் சமாளிக்க அங்கே யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

ஜோதி பந்தைக் கேட்டு வாங்கினாள். "சரி, ஆனா கீழ வர பந்துக்கு ரிஸ்வானாதான். செல்விக்கு மூச்சு வாங்குது, முழு ஆட்டம் தாங்க மாட்டா. மொதப் பாதி செல்வி, ரெண்டாம் பாதி ரிஸ்வானா." கைகள் உயர்ந்தன. முடிந்தது. பிரேமா திரும்பி வந்து, "சரி, கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான். எங்கள் குழுவில் இதே முடிவை எடுக்க மூன்று கூட்டமும் ஒரு ராஜினாமாவும் தேவைப்பட்டிருக்கும்.

போகிறபோது ரிஸ்வானாவைப் பிடித்தேன். "அவள் மேல் பரிதாபப்பட்டுத்தானே சொன்னாய்?" என்று கிண்டிப் பார்த்தேன்.

"இன்னா பரிதாபம் ஆன்ட்டி?" என்றாள். உண்மையிலேயே புரியாத முகம். "கோல் வாங்கினா நாமதான தோப்போம்?"

ஞாயிற்றுக்கிழமை. முட்டுக்காட்டுப் பக்கம், கழிமுகத்தை ஒட்டி ஒரு திடல். ஒரு பக்கம் ஈசிஆர் ரோட்டில் சென்னையிலிருந்து வரும் கார்கள் வரிசையாக நிற்கின்றன, எல்லாம் படகு ஏற வந்த கூட்டம். இன்னொரு பக்கம் தண்ணீர். பந்து தண்ணீரில் விழுந்தால் எடுத்துத் தர ஒரு மீனவர் படகில் தயாராக இருந்தார். அவரும் அப்படியே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்க்க அதைவிட நல்ல இருக்கை அங்கே இல்லை.

எதிரணிப் பெண்கள் ரிஸ்வானா சொன்ன மாதிரியே பனைமரமாக நின்றார்கள். செல்வி கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனாள். போகிறபோது ரோட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் அப்பா வரவில்லை.

முதல் பாதியில் நான் பந்தைப் பார்த்ததைவிட ரோட்டைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். செல்வி என்னை மாதிரி இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு அவள் ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. கார்னரில் பந்து மிதந்து வந்தது. ஓடிவந்து எம்பிப் பிடித்தாள். மறுபடி வந்தது, பிடித்தாள். கோலுக்குப் பின்னால் நின்று ரிஸ்வானா "சூப்பர்டி!" என்று குதித்தாள். இன்னொரு முறை வெளியே வந்தாள், காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போனது, கோல் விழுந்துவிட்டது. "என்து" என்று கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் மலர் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள். அதற்குப் பின்னும் ஒரு கார்னர் வந்தது. அப்போதும் செல்வி வெளியே வந்தாள், பிடித்தாள்.

இடைவேளை. அவள் அப்பா இன்னும் வரவில்லை. பிரேமாவிடம் போய், இன்னும் கொஞ்ச நேரம் செல்வியே நிற்கட்டுமே என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். செல்வி என்னைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். பிறகு கையுறைகளைக் கழற்றி, உட்புறத்தை வெயிலில் உதறி, ரிஸ்வானாவின் கையில் தானே மாட்டிவிட்டாள்.

இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு, சட்டையெல்லாம் நனைந்து, கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஒருவர் வேகமாக வந்தார். "அம்மா, படாளத்துப் பொண்ணு செல்வி, இங்கதான் ஆடுதா?"

கோவிந்தன் என்று பெயர் சொன்னார். முட்டுக்காட்டில் இறங்கிப் பந்தாட்டம் எங்கே என்று கேட்டிருக்கிறார். கூட்டம் அவரைப் படகுச் சீட்டு வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டதாம். அந்த வரிசையிலிருந்து வெளியே வரவே ஒரு யுகம் ஆகியிருக்கிறது. "பேஜாராப் போச்சும்மா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திடலைப் பார்த்தார். கோலில் ரிஸ்வானா. கோலுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, அவர் மகள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "நெனச்சேன்" என்றார்.

"ஐயோ, முதல் பாதி முழுக்க அவள்தான் ஆடினாள்! உங்கள் பெண் மூன்று பந்து பிடித்தாள். நான் கண்ணால் பார்த்தேன். அவள் ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லையே, நிற்கிறாளே!"

"ஒக்காந்தா இன்னா, நின்னா இன்னா. வெளியதான கீறா." என்னை மரியாதைக்குக்கூட நம்பவில்லை. மகளைக் காப்பாற்ற வந்த வக்கீல் என்று நினைத்திருப்பார். உண்மையும் அதுதான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவருக்கும் கால்பந்து தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் பொட்டலத்தைப் பிரித்துக் கடலையை உடைக்க, இரண்டு பேரும் பார்த்தோம்.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரே வந்தது. பின்னாலிருந்து செல்வி, "வா! வா! வா!" என்று கத்தினாள். என்ன தொண்டை அது! ரிஸ்வானா ஒரு கணம் தயங்கினாள், பிறகு கோட்டை விட்டு வெளியே ஓடிவந்து இரண்டு முஷ்டியாலும் பந்தைக் குத்தித் தள்ளினாள். எங்கள் பக்கம் விசில் பறந்தது.

மறுபடி ஒரு பந்து. "நில்லு! நில்லு, காத்து தள்ளுது!" ரிஸ்வானா நின்றாள். பந்து கம்பத்துக்கு மேலே போனது.

கோவிந்தன் கடலையை உடைப்பதை நிறுத்தியிருந்தார். "எம் பொண்ணு சொல்றத அந்தப் பொண்ணு ஏம்மா கேக்குது? அது யாரு?"

சொன்னேன். துணிக்கடைக்காரர் மகள் என்றும், கோல்கீப்பர் இடம் அவளுக்குத்தான் கிடைக்க இருந்தது என்றும், மேலே வருகிற பந்து தனக்குப் பயம் என்று நேற்று எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாதி ஆட்டத்தைச் செல்விக்குக் கொடுத்தாள் என்றும் சொன்னேன். அவர் போட்ட நிபந்தனையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அதும் வாயாலயேவா சொல்லிச்சி? எனக்கு வராதுன்னு?"

"அதன் வாயாலேயேதான்."

அவர் குந்தியபடியே திடலோரமாக இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். இன்னொரு கார்னர். இன்னொரு "வா!". ரிஸ்வானா இந்த முறை தயங்கவே இல்லை. குரல் கேட்டதும் கிளம்பிவிட்டாள். பந்து அவள் இரண்டு கைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அப்படி ஒரு பந்தைப் பிடித்திருக்க வேண்டும். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிச் செல்வியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"கரும்பு லோடோட நான் ரிவர்ஸ் எடுக்கணும்னா," என்று கோவிந்தன் என்னைப் பார்க்காமலே சொன்னார், "பின்னால ஒரு ஆளு நின்னு கொரல் குடுக்கணும். எனக்குப் பின்னால ஒண்ணும் தெரியாது. அந்தக் கொரல நம்பித்தான் எடுப்பேன். ஆளு சரியில்லன்னா வண்டியத் தொட மாட்டேன்."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடிவந்தார்கள். அப்போதுதான் செல்வி தன் அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நடந்து வந்தாள். கூடவே ரிஸ்வானாவும் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். வருகிறவர் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"நைனா, நான் மொதப் பாதி..." என்று செல்வி தொடங்கினாள்.

"இருடி." அவர் ரிஸ்வானா பக்கம் திரும்பினார். கடலைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். "நீ அடுத்த வாரமும் ஆடுவியாம்மா?"

"ஆடுவேன் மாமா."

கோவிந்தன் மகளைப் பார்த்தார்.

"அப்போ நீ போவாம இருந்தா எப்டி? இதுக்குப் பின்னால யாரு நிப்பா?"